கத்திக்கு இருக்கும் பயம் லாரிக்கு ஏன் இல்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொலை, கொள்ளை, கடத்தல் என்று கேட்டால் தெருவே பூட்டைச் சரிபார்க்கிறது. சாலை விபத்து, மாரடைப்பு, கிணற்றில் விழுந்து சாவு என்று கேட்டால் "அவ்வளவுதான் ஆயுசு" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறது. இதைப் பற்றி எப்போது பேசினாலும் ஒரே மாதிரிக் கேள்விகள்தான் வருகின்றன. அவற்றுக்கு என் பதில்கள் இவை. சிலவற்றில் வெறும் தகவலோடு என் அபிப்பிராயமும் கலந்திருக்கும்.

நிஜமாகவே கொலையைவிட விபத்தில்தான் அதிகம் பேர் சாகிறார்களா?

ஆமாம், பல மடங்கு. 2022ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி அந்த ஆண்டு இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தில் பதிவான கொலை வழக்குகள் 28,522. ஏறக்குறைய ஆறு மடங்கு.

தமிழ்நாட்டில் இடைவெளி இன்னும் பெரிது. அதே ஆண்டில் இங்கே சாலையில் போன உயிர்கள் 17,884. பதிவான கொலைகள் சுமார் 1,700. அதாவது ஒரு நாளைக்குச் சாலையில் 49 பேர், கொலையில் நாலைந்து பேர். அந்த நாலைந்தில் ஒன்றிரண்டு நமக்குப் பெயர், ஊர், காரணத்தோடு தெரிந்துவிடும். 49 பேரில் ஒருவர் பெயரும் தெரியாது, நம் சொந்தக்காரராக இருந்தாலொழிய.

சாலை மட்டும் இல்லை. தண்ணீரில் மூழ்கிச் சாகிறவர்கள் நாடு முழுவதும் ஆண்டுக்கு 35 ஆயிரத்துக்கும் மேல். பாம்புக்கடியில் 2000 முதல் 2019 வரை சராசரியாக ஆண்டுக்கு 58 ஆயிரம் பேர் இறந்ததாக ஒரு பெரிய ஆய்வின் மதிப்பீடு. கொலையைப்போல இரண்டு மடங்கு. இதய, ரத்தநாள நோய்களோ தனி அளவு. 2016 மதிப்பீட்டின்படி இந்தியாவில் சாகும் நூறு பேரில் 28 பேரைக் கொண்டுபோவது அவைதான்.

இந்தக் கணக்கையெல்லாம் நம்பலாமா? பாதி விஷயம் பதிவாவதே இல்லையே?

நியாயமான கேள்வி. குற்றக் கணக்கு என்பது காவல் நிலையத்தில் எழுதப்பட்டதின் கணக்கு. பாலியல் குற்றங்களில் எழுதப்படாதவை ஏராளம், அதனால் அங்கே எண் குறைவாக இருப்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது. கொலையை மறைப்பது கடினம் என்பதால் அந்த எண் ஓரளவு நம்பத்தக்கது. நோய்ச் சாவுகளின் பதிவும் நொண்டிதான். 2020இல் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தவை கால்பங்குகூட இல்லை. ஆனால் எந்தப் பக்கம் எவ்வளவு திருத்தினாலும், கொலை மேலேயும் சாலை கீழேயும் வராது.

அப்படியென்றால் மனசு ஏன் கொலையையே நினைத்துக்கொண்டிருக்கிறது?

மனசு எண்ணிப் பார்ப்பதில்லை, நினைவுபடுத்திப் பார்க்கிறது. "இது அடிக்கடி நடக்குமா?" என்று கேட்டால், அது மாதிரி ஒன்று எவ்வளவு சீக்கிரம் ஞாபகத்துக்கு வருகிறதோ அதை வைத்துப் பதில் சொல்லிவிடுகிறது. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1973இல் இதைச் சோதனைகளோடு காட்டினார்கள்.

1978இல் அமெரிக்காவில் பால் ஸ்லோவிக் என்ற உளவியலாளரின் குழுவினர் நேரடியாகவே கேட்டுப் பார்த்தார்கள்: எதனால் அதிகம் பேர் சாகிறார்கள்? கொலையால் சாகிறவர்கள் நீரிழிவால், வயிற்றுப் புற்றுநோயால் சாகிறவர்களைவிட அதிகம் என்று சொன்னார்கள் ஜனங்கள். உண்மை நேர் எதிர். நோயால் சாகிறவர்களும் விபத்தால் சாகிறவர்களும் கிட்டத்தட்ட சமம் என்றும் நினைத்தார்கள். நோய்ச் சாவு அப்போது விபத்துச் சாவைப்போல ஏறக்குறைய 16 மடங்கு.

பத்திரிகையும் டிவியும்தானே இதற்குக் காரணம்?

பெரும்பங்கு உண்டு. ஸ்லோவிக்கும் அவருடைய சகா ஒருவரும் 1979இல் இரண்டு அமெரிக்க ஊர்களின் நாளிதழ்களை உட்கார்ந்து எண்ணினார்கள். நோயால் சாகிறவர்கள் கொலையானவர்களைவிடச் சுமார் 100 மடங்கு அதிகம். ஆனால் கொலையைப் பற்றிய செய்திகள், எல்லா நோய்களையும் பற்றிய செய்திகளைவிட மூன்று மடங்கு. பல வருடம் கழித்து, 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு நியூயார்க் டைம்ஸையும் கார்டியனையும் பார்த்தது. கொலை, தற்கொலை, பயங்கரவாதம் என்று வன்முறைச் சாவுகளுக்கு, சாவைப் பற்றிய செய்திகளில் கிடைத்த இடம் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். இதய நோய்க்கு இரண்டு மூன்று சதவீதம்.

நம் ஊர்ப் பத்திரிகையிலும் பாருங்கள். கொலை என்றால் படம், சிசிடிவி காட்சி, "பின்னணி என்ன?" என்று இரண்டாம் நாள், "சரணடைந்தார்" என்று மூன்றாம் நாள். விபத்து என்றால் "மோட்டார் சைக்கிள் மீது லாரி மோதி வாலிபர் பலி" என்று நாலு வரி. இந்தத் தலைப்பில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி எத்தனை ஆயிரம் தடவை அச்சடித்திருப்பார்கள்! அந்த வாலிபருக்கு இரண்டாம் நாள் செய்தி கிடையாது.

அதற்காக எல்லாப் பழியையும் ஆசிரியர் குழுவின் தலையில் போடமாட்டேன். நாலு வரி விபத்தை நாமே தாண்டிப் போகிறோம்.

செய்தியே பார்க்காதவர்களுக்கும் இந்தப் பயம் இருக்கிறதே?

இருக்கும், ஏனென்றால் நாம் பயப்படுவது சாவுக்கு மட்டும் இல்லை. ஒரு மனிதன் நம்மைக் கொல்ல நினைப்பதற்குப் பயப்படுகிறோம். லாரி ஓட்டுநருக்கு நம் மேல் எந்தப் பகையும் கிடையாது. தூக்கக் கலக்கம், பிரேக் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். கத்தியோடு வருகிறவன் நம்மைத் தேடி வருகிறான், நாம் கதவைப் பூட்டினால் ஜன்னலை யோசிப்பான். சாலைப் பள்ளம் அப்படி யோசிப்பதில்லை. ஒரு சாவுக்குப் பின்னால் எண்ணம் என்று ஒன்று இருந்தாலே அது வேறு விஷயமாகிவிடுகிறது.

ஸ்லோவிக் 1987இல் இதை வரிசைப்படுத்திச் சொன்னார். நம் கட்டுப்பாட்டில் இல்லாதது, நாமாக ஏற்காதது, கோரமானது, ஒரே நேரத்தில் பலரைக் கொல்லக்கூடியது, இப்படிப்பட்ட ஆபத்துகளுக்கு எண்ணிக்கைக்குச் சம்பந்தமில்லாத ஒரு கிலி உண்டு. அதற்கும் முன்னால், 1969இல், சான்சி ஸ்டார் என்ற பொறியாளர் ஒரு கணக்குப் போட்டார்: நம் மேல் திணிக்கப்படும் ஆபத்தைவிட, நாமாக விரும்பி ஏற்கும் ஆபத்தை ஆயிரம் மடங்குவரை பொறுத்துக்கொள்கிறோம். அந்த ஆயிரத்தைப் பின்னால் வந்தவர்கள் கேள்வி கேட்டார்கள், போகும் திசையை அவ்வளவாகக் கேட்கவில்லை.

எனக்குப் பிடித்த சோதனை 1993இல் வெளிவந்தது. விமானப் பயணக் காப்பீட்டுக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். பயங்கரவாதத்தால் செத்தால் மட்டும் பணம் என்ற பாலிசிக்குச் சராசரியாக 14 டாலர் சொன்னார்கள். எந்தக் காரணத்தால் செத்தாலும் பணம் என்ற பாலிசிக்கு 12 டாலர். இரண்டாவதற்குள் முதலாவது அடக்கம் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

சரி, அப்போது இந்தப் பயம் முட்டாள்தனம்தானா?

இல்லை. கணக்குப் போட்டுக் காட்டி "பார், நீ எவ்வளவு அசடு" என்று சொல்லும் கட்டுரைகள் நிறைய இருக்கின்றன. எனக்கு அதில் சம்மதம் இல்லை.

முதலில், ஒரு கொலை கொல்லப்பட்டவரோடு முடிவதில்லை. தெருவில் ஒருவர் வெட்டப்பட்டால் அந்தத் தெரு மாறுகிறது, கடை சீக்கிரம் அடைக்கிறது, சாட்சி சொல்ல ஆள் வருவதில்லை. பழிக்குப் பழி என்று இன்னொன்று நடக்கிறது. விபத்து பழிவாங்குவதில்லை.

இரண்டாவது, கொலை குறைவாக இருப்பதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம். காவல்துறை, நீதிமன்றம், பூட்டு, அக்கம்பக்கத்துப் பார்வை எல்லாம் சும்மா முளைக்கவில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். சராசரி என்பது யாருடைய வாழ்க்கையும் இல்லை. தமிழ்நாட்டுக்கு 1,700 கொலை என்ற எண்ணை, சாதி மாறிக் காதலித்து ஓடிவந்த இருவரிடம் காட்டி "சாலையைப் பார்த்து நடங்கள், அதுதான் பெரிய ஆபத்து" என்று சொல்ல முடியுமா? அவர்களைத் தேடுகிறவர்கள் யார் என்று அவர்களுக்குத் தெரியும். போரில் வாழ்ந்த யாழ்ப்பாணத்துக்காரருக்கும் வன்னிக்காரருக்கும் ஆட்களைக் கடத்திப்போன வேன்போல ஒன்று வாசலில் நின்றால் வரும் நடுக்கம் நினைவுப் பிழை இல்லை, அனுபவம். என் வாதம் அவர்களுக்கு எதிரானது இல்லை. பெரிய ஆபத்து எதுவும் தேடி வராத வீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஹெல்மெட் இல்லாமல் போய்க் கத்திக்குப் பயப்படுகிற என்னைப் போன்றவர்களைப் பற்றியது.

பெண்கள்தான் அதிகம் பயப்படுகிறார்கள். ஆனால் கொலையாகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்கிறார்களே?

உலக அளவில் கொல்லப்படுகிறவர்களில் நூற்றுக்குச் சுமார் 80 பேர் ஆண்கள், ஐ.நா. கணக்கு. அதனால் பெண்கள் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள் என்று முடிவு கட்டுகிறவர்கள் பேருந்தில் நின்று பயணம் செய்யாதவர்களாக இருக்க வேண்டும். உரசல், பின்தொடர்தல், செல்போனில் தொல்லை எல்லாம் கொலைக் கணக்கில் வராது. ஆனால் இதில் எது எங்கே போய் முடியும் என்று அந்த நேரத்தில் தெரியாது. அந்தத் தெரியாமைக்குத்தான் பயம்.

பயம் தவறான ஆளைப் பார்க்கிறது என்பதுதான் என் குறை. 2023இல் உலகில் கொல்லப்பட்ட பெண்களில் ஏறக்குறைய 60 சதவீதத்தினரைக் கொன்றது கணவன், துணை அல்லது குடும்பத்தவர். ஒரு நாளைக்குச் சராசரியாக 140 பேர். இந்தியாவில் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல், குற்றவாளி பாதிக்கப்பட்டவருக்கு ஏற்கெனவே தெரிந்தவன். பொதுவாகக் கொலைகளும் அப்படியே. 2022இல் பதிவானவற்றில் 9,962க்குக் காரணம் தகராறு, 3,761க்குத் தனிப்பட்ட பகை. நாம் கற்பனை செய்து நடுங்குகிற, நகைக்கும் பணத்துக்குமான ஆதாயக் கொலை 1,884. இருட்டுச் சந்தில் நிற்கும் முகம் தெரியாதவனுக்குப் பயந்து, இன்னும் ஆபத்தான வீட்டுக்குள் பெண்ணைப் பூட்டி வைப்பதும் நடக்கிறது.

பிள்ளை பிடிக்கிறவர்கள் பற்றி வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதையும் அலட்சியப்படுத்த வேண்டுமா?

2018 மே மாதம் நடந்ததைச் சொல்கிறேன். வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவுகளும் படங்களும் சுற்றின. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போன ஒரு குடும்பம் வழி கேட்க நிறுத்தியது. 65 வயது மூதாட்டி அங்கே நின்ற பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று கூட்டம் அடித்ததில் அவர் இறந்துபோனார், கூட வந்தவர்களும் பலத்த காயம் அடைந்தார்கள். அதே சமயத்தில் பழவேற்காட்டிலும் இதே சந்தேகத்தில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு நாடு முழுக்க இப்படி நடந்த பிறகுதான், ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்குமேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் மாற்றியது. இல்லாத வன்முறைக்கான பயம் இருக்கிற வன்முறையாக மாறியது இங்கேதான்.

இப்போது தெருவில் ஒரு வீட்டைப் பாருங்கள். வாசலில் இரண்டு கேமரா, "இப்பகுதி கண்காணிப்பில் உள்ளது" என்று பலகை, கேட்டில் இரட்டைப் பூட்டு. உள்ளே போனால் தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியின், அதாவது சம்ப்பின், மூடி விரிசல் விட்டு, அதன் மேல் ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனரை விரித்து, பறக்காமல் இருக்க நாலு செங்கல் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் மூன்று வயதுப் பேரன் பந்து உருட்டுகிறான். உலக அளவில் 1 முதல் 4 வயதுவரை உள்ள குழந்தைகளின் சாவுக்கு நாலாவது பெரிய காரணம் நீரில் மூழ்குதல், 5 முதல் 14 வரை மூன்றாவது. வீட்டுக்குள்ளே ஒரு வாளித் தண்ணீர் போதும். கேமரா வைத்த கம்பெனிக்காரர் விளம்பரம் செய்வார். மூடி வார்க்கிற கொத்தனாருக்கு விளம்பரம் கிடையாது.

தப்பான இடத்தில் பயந்தால் என்ன நஷ்டம்? ஜாக்கிரதையாக இருப்பது நல்லதுதானே?

ஜாக்கிரதை இலவசம் என்றால் நல்லதுதான். 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் கடத்தப்பட்ட நான்கு விமானங்களில் கடத்தல்காரர்கள் நீங்கலாக 246 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அமெரிக்கர்கள் பலர் விமானத்தை விட்டுவிட்டுக் காரில் நெடுந்தூரம் போகத் தொடங்கினார்கள். அந்த ஒரு வருடத்தில் இதனால் கூடுதலாகச் சாலையில் செத்தவர்கள் ஏறக்குறைய 1,600 பேர் என்று கெர்ட் கிகரென்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் மதிப்பிட்டார். விமானங்களில் போன உயிர்களைப்போல ஆறு மடங்கு. அவர்களுக்கு நினைவுச் சின்னம் கிடையாது. தாங்கள் எதனால் செத்தோம் என்று அவர்களுக்கேகூடத் தெரிந்திருக்காது.

நம் பக்கத்து நஷ்டம் சின்னச் சின்னதாக இருக்கும். டியூஷன் முடிந்து பெண் பேருந்தில் வரக்கூடாது, காலம் கெட்டுக் கிடக்கிறது என்று அப்பா பைக்கில் அழைத்துவருகிறார். முன்னால் தம்பி டேங்க்கில், பின்னால் அவள், இருவருக்கும் ஹெல்மெட் இல்லை, அப்பாவுடையது கண்ணாடியில் தொங்குகிறது. 2022இல் சாலையில் இறந்தவர்களில் இருசக்கர வாகனத்தில் போனவர்கள் 44 சதவீதம். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50 ஆயிரம் பேர், அதில் பின்னால் உட்கார்ந்து போனவர்கள் மட்டும் 14 ஆயிரம். ஹெல்மெட் சாவை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த முடிவு. ஒன்பது மாதம் முதல் நாலு வயதுவரை உள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டும் பாதுகாப்புப் பட்டையும் கட்டாயம், வேகம் 40ஐத் தாண்டக்கூடாது என்று 2023 பிப்ரவரியிலிருந்து விதியே இருக்கிறது. எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

சாலைக்கு மட்டும் ஏன் பயமே வரமாட்டேன் என்கிறது?

தினமும் போய் தினமும் திரும்பி வருகிறோம். ஒவ்வொரு முறை வீடு வந்து சேரும்போதும் "ஒன்றும் ஆகாது" என்று பாடம் படிக்கிறோம். அப்புறம் ஹேண்டில் நம் கையில் இருக்கிறது. 1981இல் ஓட்டுநர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், பாதிப் பேரைவிடத் தான் திறமையானவன் என்று சொன்ன அமெரிக்கர்கள் 93 சதவீதம். நம் ஊரில் கேட்டால் மிச்சம் 7 சதவீதமும் சேர்ந்துவிடும்.

சிக்னலில் நின்று பாருங்கள். ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு வருகிறவர், தூரத்தில் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் தலையில் கவிழ்க்கிறார், தாண்டியதும் கழற்றிவிடுகிறார். அவர் பயப்படுவது ஆயிரம் ரூபாய் அபராதத்துக்கு. அதாவது அங்கேயும் ஒரு மனிதனுக்குத்தான் பயம், சாலைக்கு இல்லை. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. பயம் மனிதனைப் பார்த்துத்தான் வரும் என்றால் சிக்னலுக்கு ஒரு காக்கிச் சட்டையை நிறுத்துவது, "வேகம் விவேகமல்ல" என்று பலகை வைப்பதைவிட உருப்படியான காரியம்.

தற்கொலை இந்தக் கணக்கில் எங்கே வருகிறது?

மேலே. 2022இல் இந்தியாவில் 1,70,924 பேர், சாலையைவிடவும் அதிகம், கொலையைப்போல ஆறு மடங்கு. ஆனாலும் கொலையைப் பற்றிப் பேசுகிற திண்ணையில் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

பயத்தின் துணை இல்லாமலே உயிர்களைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகப் பெரிய உதாரணம் இலங்கை. 1990களின் நடுவில் உலகிலேயே மிக அதிகத் தற்கொலை விகிதம் உள்ள நாடுகளில் அதுவும் ஒன்று. பெரும்பாலும் பூச்சிமருந்து. மிகக் கொடிய மருந்துகளை 1984, 1995, 1998 என்று ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள், 2008க்குப் பின் இன்னும் சிலவற்றை. இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. 93 ஆயிரம் உயிர்கள் மிஞ்சின என்று ஒரு மதிப்பீடு. பூச்சிமருந்துகளைப் பதிவுசெய்யும் ஓர் அலுவலகம் சில டப்பாக்களைக் கடையிலிருந்து எடுத்த செய்தி இது, எந்தச் சேனலும் இதைப் பிரேக்கிங் என்று போடாது.

உங்களுக்கோ தெரிந்தவர்களுக்கோ மனசு சரியில்லை என்றால் 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி, தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

வீட்டில் அம்மா இதையெல்லாம் கேட்கமாட்டேன் என்கிறாரே, என்ன சொல்வது?

எண்ணைச் சொல்லாதீர்கள். "இதுல நாலு பேருதான், அதுல 49 பேரு" என்றால், அந்த நாலில் ஒருவருடைய அம்மாவை நினைத்து அவர் அழுதுகொண்டிருக்கும்போது நீங்கள் கணக்கு வாத்தியார் ஆகிவிடுவீர்கள்.

பயத்தைக் குறைக்கச் சொல்வதைவிட அதே பயத்துக்கு இன்னொரு வேலை கொடுப்பது சுலபம். ராத்திரி ஒன்பதரைக்கு "எங்கடா இருக்க, பத்திரமா வா" என்று போன் செய்கிற அம்மாதான் வீட்டின் மிகச் சிறந்த பாதுகாப்பு அதிகாரி. அந்தப் போனையும் நீங்கள் வண்டி ஓட்டிக்கொண்டேதான் எடுக்கிறீர்கள். "கிளம்பும்போது நானே கூப்பிடுறேன், நடுவுல நீங்க கூப்பிடாதீங்கம்மா" என்று சொல்லிப் பாருங்கள். கிளம்பும்போது அவர் கேட்கட்டும், ஸ்ட்ராப்பை மாட்டினாயா என்று. கேட்ட கையோடு அப்பாவின் பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டதா என்றும் பார்த்துவிடுவார். சம்ப் மூடிக்குக் கொத்தனாரை நீங்களே கூப்பிட்டுவிடுங்கள்.